நின்றே செய்யும் கடை வேலை: உட்கார இடம், டூட்டி நேரம், டார்கெட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, சூப்பர் மார்க்கெட் என்று நாள் முழுக்க நின்று விற்கும் இடங்களில் முதலாளிகளும் ப்ளோர் மேனேஜர்களும் ஊழியர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறோம். சட்டம் பற்றிச் சொல்லியிருப்பவை தமிழ்நாட்டுக் கடைகளுக்கானவை. உடம்பு, நேரம், டார்கெட் பற்றியவை எந்த ஊர்க் கடைக்கும் பொருந்தும்.

1. "ஊழியர் நலன்னா போனஸ், தீபாவளி ஸ்வீட் பாக்ஸ், வருஷத்துக்கு ஒரு மெடிக்கல் கேம்ப். இதுக்கு மேல 'வேலை வடிவமைப்பு'ன்னா என்ன?"

நீங்கள் சொன்னவை எல்லாம் நல்லவைதான், ஆனால் வேலைக்கு வெளியே இருப்பவை. வேலை வடிவமைப்பு என்பது வேலைக்கு உள்ளே இருப்பது: யார் எதைச் செய்கிறார், எந்த நிலையில் நின்றோ உட்கார்ந்தோ செய்கிறார், எத்தனை மணி நேரம் இடைவிடாமல் செய்கிறார், எதைத் தானே முடிவு செய்யலாம், எதற்கு இன்னொருவரிடம் கேட்க வேண்டும், அவர் வேலையை எதை வைத்து அளக்கிறோம். இவற்றை எல்லாம் யாரோ ஒருவர் எப்போதோ முடிவு செய்திருக்கிறார். பெரும்பாலான கடைகளில் யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யவில்லை, கடை திறந்த நாளில் இருந்த பழக்கமே விதியாகிவிட்டது.

2022-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்களும் தனி மனிதரைத் தேற்றுவதோடு நிற்கவில்லை. வேலைச் சுமை, வேலை நேரம், வேலை நடக்கும் விதம் ஆகியவற்றை மாற்றச் சொல்கின்றன. பதினோரு மணி நேரம் நின்றவருக்குக் காலையில் பத்து நிமிட யோகா சொல்லிக்கொடுப்பதைவிட, நிற்கும் நேரத்தைக் குறைப்பது பயன் தரும்.

2. "உட்கார உரிமைச் சட்டம்னு சொல்றாங்களே, அதுல சரியா என்ன இருக்கு? எங்க சின்னக் கடைக்கும் அது உண்டா?"

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஐத் திருத்த, 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறி 22-அ என்ற பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வழி வேண்டும், வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது என்பதே அதன் சாரம். 'ஒவ்வொரு நிறுவனமும்' என்றுதான் அந்தப் பிரிவு பேசுகிறது. பெரிய கடை, சின்னக் கடை என்று பிரிக்கவில்லை.

கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்களைத் திரட்டிய விஜி பெண்கூட்டு போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடியதன் விளைவு அது. நம் சட்டம் இருக்கையின் உயரம், எண்ணிக்கை, எத்தனை நிமிடம் என்பதையெல்லாம் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் 'ஒரு ஸ்டூல் வாங்கி மூலையில் போட்டாச்சு' என்று கணக்கு முடிக்கிறார்கள். 4, 5-ஆம் கேள்விகள் அதற்காகவே.

3. "நின்னு வேலை செஞ்சா உடம்புக்கு நல்லதுன்னுதானே இப்போ ஆபீஸ்ல கூட நிக்கிற மேஜை போடறாங்க?"

நடப்பது வேறு, ஒரே இடத்தில் நிற்பது வேறு. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. கவுண்டருக்குப் பின்னால் ஓரடி இடத்தில் நிற்பவருக்கு அந்தத் தசை வேலை செய்வதில்லை. ரத்தம் காலிலேயே தேங்குகிறது. சாயங்காலம் கால் வீங்குவது, செருப்பு இறுக்குவது, பிறகு வெரிகோஸ் என்னும் நரம்புச் சுருட்டல் எல்லாம் அங்கிருந்து வருகின்றன. முதுகின் கீழ்ப்பகுதித் தசைகள் உடம்பை நிமிர்த்திப் பிடிப்பதற்காக நிற்கும் நேரமெல்லாம் இறுகியே இருப்பதால் இடுப்பு வலி தனியாக வருகிறது. கிரானைட் தரையும் வெறுங்காலும் சேர்ந்தால் குதிகால் வலி இன்னும் சீக்கிரம் வரும். பல கடைகளில் ஊழியர்கள் உள்ளே செருப்புப் போடக்கூடாது என்று இருப்பதை இந்த ஒரு காரணத்துக்காகவே எடுத்துவிடலாம். உள்ளே மட்டும் போடும் மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி போதும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சுமார் 7,300 பேரை 12 ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. பெரும்பாலும் நின்றே வேலை செய்தவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு, பெரும்பாலும் உட்கார்ந்து செய்தவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. ஆபீஸ் ஆட்கள் நிற்கும் மேஜை வாங்குவது நாள் முழுக்க நிற்க அல்ல, மாற்றி மாற்றி நிற்கவும் உட்காரவும்தான். கடைக்காரருக்கும் வேண்டியது அதே மாற்றம். பத்து மணி நேரம் உட்கார்ந்தே இருப்பதையும் நாங்கள் சொல்லவில்லை.

4. "எந்த மாதிரி ஸ்டூல் வாங்கணும், எத்தனை வாங்கணும்?"

முதலில் கவுண்டரின் உயரத்தை அளங்கள். விற்பனை கவுண்டர் பெரும்பாலும் 90 முதல் 95 செ.மீ. இருக்கும். இருக்கை அதைவிட 25 முதல் 30 செ.மீ. தாழ்வாக, அதாவது 60 முதல் 65 செ.மீ. உயரத்தில் இருந்தால் உட்கார்ந்தபடியே பொருளை எடுத்துக் காட்டலாம், எழுவதும் எளிது. கடைகளில் வழக்கமாகப் போடும் 45 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தால் கவுண்டர் மார்புக்கு வந்துவிடும். தோளைத் தூக்கித்தான் கை நீட்ட முடியும், ஒவ்வொரு முறை எழும்போதும் முழங்கால் வலிக்கும். அது ஓய்வுக்கு ஆகும், வேலைக்கு ஆகாது.

60 செ.மீ. இருக்கையில் கால் தொங்கும். அதனால் கால் வைக்க வளையமோ கட்டையோ கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் தொடையின் அடிப்பகுதி அழுந்தி கால் மரத்துப்போகும். இருக்கை அகலம் 35 செ.மீ.க்குக் குறையக்கூடாது, முன்விளிம்பு வளைந்திருக்க வேண்டும். சக்கரம் வைத்தது வேண்டாம். துப்பட்டாவும் புடவைத் தலைப்பும் சிக்கும், எழும்போது பின்னால் நழுவும். கவுண்டரின் உள்பக்கம் முழுக்கப் பலகையால் அடைத்திருந்தால் முழங்கால் நுழையாது, எல்லோரும் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து முதுகைத் திருகுவார்கள். ஆசாரியை வைத்து 50 செ.மீ. அகலத்துக்கு அந்தப் பலகையை வெட்டி எடுப்பது ஒரு நாள் வேலை. பில்லிங்கில் இருப்பவருக்கு முதுகுச் சாய்வு உள்ள நாற்காலி வேண்டும்.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். இருவருக்கு ஒன்று போட்டால் அது சீனியரின் இருக்கையாகிவிடும், புதிதாக வந்த பெண் நாள் முழுக்க நிற்பாள். ஒரு கவுண்டரில் எத்தனை பேரோ அத்தனை இருக்கை. இடம் குறைவென்றால் மடித்து மாட்டும் வகை கிடைக்கிறது. நின்றே ஆக வேண்டிய இடங்களில் 12 முதல் 20 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் விரிப்பு போடுங்கள். அதன் ஓரம் சரிவாக இல்லாவிட்டால் தடுக்கி விழுவார்கள். கவுண்டருக்கு அடியில் 15 செ.மீ. உயரத்தில் ஒரு குழாய் பொருத்தினால் ஒரு காலை மாற்றி மாற்றி அதன்மேல் வைக்கலாம். அவ்வளவு சின்ன விஷயம் இடுப்பு வலியைக் கணிசமாகக் குறைக்கும்.

5. "ஸ்டூல் எல்லாம் போட்டாச்சு சார். ஒருத்தரும் உக்கார மாட்டேங்கறாங்க. அவங்களுக்கே வேண்டாம்போல."

வேண்டாம் என்பதில்லை, பயம். இதற்கு மூன்று காரணங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். உட்காரலாம் என்று யாரும் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும், உட்கார்ந்ததும் சூப்பர்வைசர் வந்து 'என்ன, வேலை இல்லையா' என்று கேட்டிருப்பார், அல்லது கேமரா பார்க்கும் அறையிலிருந்து போன் வந்திருக்கும். மூன்றாவது காரணம் பலர் கண்ணில் படுவதில்லை: யார் முதலில் வாடிக்கையாளரிடம் போகிறாரோ அவருக்கே அந்த விற்பனை என்று இருந்தால், உட்கார்ந்திருப்பவர் எழுவதற்குள் பக்கத்தில் நிற்பவர் போய்விடுவார். உட்கார்ந்தால் இன்சென்டிவ் போகும் என்றால் யார் உட்காருவார்?

ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து. 'வாடிக்கையாளர் இல்லாதபோது உட்காரலாம், யாரிடமும் கேட்க வேண்டாம்' என்று தமிழில் எழுதி ஊழியர் பக்கம் ஒட்டுங்கள். வடமாநில ஊழியர்கள் இருந்தால் இந்தியிலும் ஒட்டுங்கள். செக்ஷன் இன்சார்ஜ் முதல் வாரம் தானே உட்கார்ந்து காட்ட வேண்டும். கேமரா திருட்டுக்கும் விபத்துக்கும் மட்டும் என்று கண்காணிப்பு அறையில் இருப்பவருக்குச் சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளரை வரிசைப்படி கொடுங்கள்: அடுத்து வருபவர் அடுத்த முறைக்காரருக்கு, அவர் நின்றிருந்தாலும் உட்கார்ந்திருந்தாலும். கவுண்டரில் பெயர் அட்டைகளை அடுக்கி, முறை முடிந்ததும் அட்டையைக் கடைசிக்கு நகர்த்தினால் தகராறே வராது.

6. "கஸ்டமர் உள்ள நுழையும்போது உக்காந்திருந்தா மரியாதை இல்லாத மாதிரி தெரியுமே?"

பழைய ஜவுளிக்கடைகளை நினைத்துப் பாருங்கள். மேடைமேல் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் விற்பவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார், எதிரே வாங்க வந்த குடும்பமும் உட்கார்ந்திருக்கும். அதை யாரும் மரியாதைக் குறைவாக நினைத்ததில்லை. பட்டுப் பிரிவில் சில கடைகளில் இன்றும் அப்படித்தான். விற்பவர் நின்றே ஆக வேண்டும் என்பது கண்ணாடி கவுண்டர்களோடு வந்த வழக்கம்.

வாடிக்கையாளர் வந்ததும் எழுந்து வணக்கம் சொல்லி, அவர் உட்கார்ந்த பின் தானும் உட்கார்ந்து காட்டுவது என்று வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் சங்கடமில்லை. 60 செ.மீ. இருக்கையில் இருப்பவரின் கண், நிற்பவரின் கண்ணைவிட அதிகம் தாழ்ந்திருக்காது என்பதும் அந்த உயரத்தின் ஒரு வசதி.

7. "காலைல ஒன்பதரைக்கு வந்தா ராத்திரி ஒன்பதரைக்குத்தான் விடறாங்க. நடுவுல ஒரு மணி நேரம் சாப்பாடு. இது சட்டப்படி சரியா?"

சரியில்லை. கடைகள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். மிகைநேரம் (ஓவர்டைம்) சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக்கூடாது, மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம். 4 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்குவதற்குள் குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும். ஓய்வையும் சேர்த்து, வந்த நேரத்திலிருந்து போகும் நேரம் வரை 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை.

உங்கள் டூட்டி 12 மணி நேரத்துக்குள் அடங்குகிறது. பலர் அதை மட்டும் பார்த்துச் சரி என்கிறார்கள். ஆனால் வேலை மட்டுமே 11 மணி நேரம் ஆகிறது. மிகைநேரம் சேர்த்த எல்லையையே அது ஒரு மணி நேரம் தாண்டுகிறது, அதுவும் தினமும்.

8. "ரெண்டு ஷிஃப்ட் போட்டா ஆள் ரெண்டு மடங்கு வேணும். எங்களால கட்டுப்படியாகாது."

இரண்டு மடங்கு தேவையில்லை. ஷிஃப்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். ஒரு தளத்தில் அன்று 24 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை 9:30 முதல் 12:30 வரை பல கடைகளில் கூட்டம் இல்லை. அப்போது 8 பேர் போதும். அவர்கள் 9:30 முதல் 6:30 வரை. மீதி 16 பேர் 12:30 முதல் 9:30 வரை. இருவருக்கும் ஒரு மணி நேர ஓய்வு போக 8 மணி நேர வேலை. பகல் 12:30 முதல் மாலை 6:30 வரை 24 பேரும் இருப்பார்கள்.

சாப்பாட்டு ஓய்வை இப்படிப் பிரியுங்கள்: காலைக்காரர்கள் 12:30-க்கு நால்வர், 1:30-க்கு நால்வர். மதியம் வந்தவர்கள் 2:30-க்கு ஐவர், 3:30-க்கு ஐவர், 4:30-க்கு ஆறு பேர். எந்த நேரத்திலும் ஆறு பேருக்கு மேல் தளத்தில் குறையாது, ஓய்வுக்கு முன் ஒருவரும் 4 மணி நேரத்தைத் தாண்ட மாட்டார். எல்லோரையும் 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே அனுப்பும் கடையில் பாதித் தளம் காலியாகும். அதற்குப் பயந்துதான் ஒரு மணி நேரம் இருபது நிமிடமாகச் சுருங்குகிறது.

இதில் உள்ள சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். மாலைக் கூட்டத்துக்கு 24-க்குப் பதில் 16 பேர்தான் இருப்பார்கள். சனி, ஞாயிறு, இன்னொரு பரபரப்பான நாள் என வாரத்தில் மூன்று நாள் காலைக்காரர்களை 8:30 வரை இரண்டு மணி நேரம் இரட்டைச் சம்பளத்தில் வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு 6 மணி நேரம், 54-க்குள் சரியாக அடங்கும். மற்ற நாட்களுக்கு மாலை 5 முதல் 9 வரை மட்டும் வரும் பகுதிநேர ஆட்களைப் பாருங்கள். கல்லூரிப் பிள்ளைகளும், முழு நாள் வீட்டைவிட்டு வர முடியாத பெண்களும் இதற்குக் கிடைப்பார்கள். காலைப் பிரிவும் மாலைப் பிரிவும் வாரத்துக்கு ஒருமுறை மாற வேண்டும், பட்டியல் ஒரு வாரம் முன்பே ஒட்டப்பட வேண்டும். 24 மணி நேரமும் கடை திறக்க 2019-ல் வந்த அரசாணையே இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலையில் வைக்க அவர்களின் எழுத்துபூர்வ சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்கிறது. ஆகவே மாலைப் பிரிவில் பெண்கள் பெயரைப் போடும் முன் கேளுங்கள், கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் பாருங்கள்.

9. "பாத்ரூம் போகக்கூட இன்சார்ஜ்கிட்ட கேட்டு, நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் போகணும். அதனால தண்ணியே குடிக்கிறதில்லை."

இந்தத் தொகுப்பில் நாங்கள் மிகவும் கவலைப்படும் கேள்வி இது. தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி நாள் முழுக்க நிற்பதால் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும். மாதவிலக்கு நாட்களில் நிலைமை இன்னும் மோசம். கையெழுத்து நோட்டை நாளைக்கே எடுத்துவிடலாம், அதற்குச் செலவு எதுவும் இல்லை.

'கவுண்டர் காலியாகுமே' என்பது நியாயமான கவலை. அதற்குத் தேவை மாற்று ஆள். 24 பேர், ஆளுக்கு நாளைக்கு இரண்டு முறை, முறைக்குப் பத்து நிமிடம் என்றால் 480 நிமிடம், அதாவது சரியாக ஒருவரின் 8 மணி நேரம். ஆகவே 24 பேருக்கு எந்தக் கவுண்டரிலும் கட்டப்படாத ஒருவர் இருந்தால் போதும். எல்லாப் பிரிவும் தெரிந்த அனுபவசாலியை இதற்குப் போடுங்கள். புதியவரைப் போட்டால் அவரிடம் கவுண்டரை விட்டுப் போக யாருக்கும் மனம் வராது. கழிவறை ஐந்தாவது மாடியிலோ அடித்தளத்திலோ இருந்து ஊழியர்கள் லிப்டில் ஏறக்கூடாது என்றால் பத்து நிமிடம் போதாது. வாடிக்கையாளர் கழிவறையை ஊழியருக்கும் திறந்துவிடுங்கள். தண்ணீர் கவுண்டர் அருகிலேயே இருக்கட்டும்.

10. "ஒரே கவுண்டர்ல போட்டா சலிப்பு வருது, மாத்திப் போட்டா கோபம் வருது. எதுதான் சரி?"

எதிலிருந்து எதற்கு மாற்றுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. சுடிதார் கவுண்டரிலிருந்து குழந்தைகள் கவுண்டருக்கு மாற்றினால் காலுக்கும் தோளுக்கும் ஒரு மாற்றமும் இல்லை. பழகிய சரக்கு, தெரிந்த வாடிக்கையாளர், அதனால் வரும் இன்சென்டிவ் மூன்றும் போய்விடும். கோபம் வரத்தான் செய்யும். பட்டின் ஜரிகையையும் நெசவையும் பார்த்ததும் சொல்லும் ஆளை பேன்ட், கோட் துணி விற்கும் சூட்டிங் பிரிவுக்கு அனுப்புவது அவருடைய திறமைக்குச் செய்யும் அவமதிப்பு.

பிரிவை மாற்றாமல், அதே பிரிவுக்குள் உடம்பின் நிலையை மாற்றுங்கள். இரண்டு மணி நேரம் நின்று விரித்துக் காட்டுவது, பிறகு உட்கார்ந்து மடிப்பது, பிறகு ஸ்டாக் பார்த்து நடப்பது, பிறகு மறுபடி விற்பனை. மடிக்கும் மேஜையைத் தனியாக, உட்கார்ந்து செய்யும்படி அமைப்பதுதான் இதன் உயிர்நாடி. நின்றபடி கவுண்டரிலேயே மடிக்கும் வரை எந்தச் சுழற்சியும் பெயருக்குத்தான். கனமான பெட்டிகளும் துணிச் சுருள்களும் முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தட்டில் இருக்கட்டும், தலைக்கு மேல் லேசான சரக்கு மட்டும்.

11. "டார்கெட் இல்லாம யாரும் வேலை செய்ய மாட்டாங்க. டார்கெட் வெச்சா மனஅழுத்தம்னு சொல்றீங்க. அப்போ எப்படி?"

டார்கெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊழியர் கையில் இல்லாததை அவர் டார்கெட்டாக வைக்காதீர்கள். மழை பெய்து கூட்டம் வராத செவ்வாய்க்கிழமைக்கு விற்பனையாளர் பொறுப்பல்ல. தினசரி, தனிநபர், தொகை மூன்றும் சேர்ந்த டார்கெட்தான் மோசமானது. அது வாடிக்கையாளரைப் பறிப்பதில் முடியும், மடிக்கிற வேலையையும் ஸ்டாக் வேலையையும் யாரும் தொட மாட்டார்கள்.

வாரக் கணக்கு, பிரிவுக்குப் பொதுவாக, போன ஆண்டின் அதே வாரத்தோடு ஒப்பிட்டு வையுங்கள். இன்சென்டிவைப் பிரிவில் உள்ள எல்லோருக்கும், மடிப்பவரையும் டெலிவரி கவுண்டரில் இருப்பவரையும் சேர்த்துப் பிரியுங்கள். திறமைசாலி 'நான் விற்கிறேன், அவன் வாங்குகிறான்' என்பார். அதற்காக ஒரு சிறு பகுதியைத் தனிநபர் கணக்கில் விடலாம். நாங்கள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் விடச் சொல்வதில்லை. கணக்கு போட்ட விதத்தை ஊழியர் தானே சரிபார்க்கும்படி ஒட்டுங்கள். காலை மீட்டிங்கில் எல்லோர் முன்பும் கடைசி ஆளின் பெயரை வாசிக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். அதனால் விற்பனை கூடாது, கடைசி ஆள் வேலையை விட்டுப் போவார்.

12. "எல்லா முடிவையும் ஸ்டாஃப்கிட்ட விட்டா கட்டுப்பாடு போயிடாதா?"

எல்லா முடிவையும் விட வேண்டாம். வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-ல் முன்வைத்த கருத்து இத்துறையில் இன்றும் அடிப்படை: வேலைப் பளு அதிகமாக இருப்பது மட்டும் ஆளை நோகடிப்பதில்லை, பளு அதிகமாகவும் தன் கையில் முடிவு எதுவும் இல்லாமலும் இருப்பதுதான் நோகடிக்கிறது. கடை விற்பனைப் பணி பெரும்பாலும் இந்த வகையில்தான் விழுகிறது.

பிரிவுக்கு விடக்கூடியவை: 8-ஆம் பதிலில் சொன்ன ஓய்வு வேளைகளில் யார் எந்த வேளை, வார விடுமுறையைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வது, ரேக்கில் சரக்கை எப்படி அடுக்குவது, பில் இருந்தால் ஒரு தொகைவரை பொருளை மாற்றித் தருவது. கடைசியாகச் சொன்னதைச் செய்தாலே, கோபமாக வந்த வாடிக்கையாளரை மேனேஜருக்காகக் காக்கவைத்துத் திட்டு வாங்குவது பாதியாகக் குறையும். தளத்தில் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும், தீயணைப்பு வழி, பணப்பெட்டி ஆகியவை நிர்வாகத்திடமே இருக்கட்டும்.

13. "ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரத்துல இதெல்லாம் நடக்கிற காரியமா?"

கூட்டம் அதிகமாகும்போதுதான் இது அதிகம் தேவை. உட்காரும் நேரம் தானாகவே குறையும், அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரு மணி நேரச் சாப்பாடு, தண்ணீர்–கழிவறை, வார விடுமுறை மூன்றையும் சீசனிலும் வெட்டாதீர்கள். விடுமுறையை ரத்து செய்த கடைகளில் மூன்றாவது வாரத்திலிருந்து காய்ச்சல் என்று ஆட்கள் நின்றுவிடுவதும், சேமித்ததாக நினைத்த ஆள் கணக்கு கைவிட்டுப் போவதும் வழக்கமாக நடப்பவை.

தற்காலிகமாக எடுக்கும் ஆட்களைக் கவுண்டரில் நிறுத்தாதீர்கள். அவர்களுக்குச் சரக்கு தெரியாது, பழைய ஆள் தன் வேலையோடு அவர்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். பேக்கிங், மடிப்பு, ஸ்டாக் தூக்குதல், கூட்டத்தை வழிநடத்துதல் ஆகியவற்றில் போட்டால் கவுண்டர் ஆளின் பளு உண்மையிலேயே குறையும். 9-ஆம் பதிலின் மாற்று ஆளைச் சீசனில் இரண்டாக்குங்கள்.

14. "எங்க ஸ்டாஃப் எல்லாம் கடை ஹாஸ்டல்லதான் தங்கறாங்க. அவங்களுக்கு வேற மாதிரி பார்க்கணுமா?"

ஆமாம். தங்குமிடமும் முதலாளியுடையது என்றால் வேலை எப்போது முடிகிறது என்பதே மங்கிவிடும். இரவு லாரி வந்தால் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று லோடு இறக்கக் கூப்பிடுவார்கள். அதுவும் வேலை நேரம், 54 மணிக் கணக்கில் சேர வேண்டும். ஒரு டூட்டி முடிந்து அடுத்தது தொடங்க 11 மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். மெஸ் நேரம் ஷிஃப்டோடு பொருந்தட்டும்: மதியம் 12:30-க்கு வருபவருக்கு 11:30-க்கே சாப்பாடு தயாராக வேண்டும்.

ஹாஸ்டல் வார்டனும் ப்ளோர் இன்சார்ஜும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. புகார் சொல்ல வேறு ஒருவர் வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி, அத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். அதன் உறுப்பினர் பெயரையும் போன் எண்ணையும் ஹாஸ்டலிலும் ஒட்டுங்கள்.

15. "மாசமா இருக்கிற பொண்ணு, கால்ல நரம்பு சுருட்டல் வந்தவர், இவங்களை என்ன பண்றது? வேலையை விடச் சொல்லிடறோம்."

விடச் சொல்லாதீர்கள். மகப்பேறு நலன் பற்றிய சட்டம், பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கு முன்னால் வரும் ஒரு மாதத்தில், அந்தப் பெண் கேட்டால் நீண்ட நேரம் நிற்கும் வேலை தரக்கூடாது என்று சொல்கிறது. அதுவரை நிற்க வைக்கலாம் என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். சொன்ன நாளிலிருந்தே பில்லிங், மடிப்பு மேஜை, ஆன்லைன் ஆர்டர் பேக்கிங் என்று உட்கார்ந்து செய்யும் இடத்துக்கு அதே சம்பளத்தில் மாற்றுங்கள். வெரிகோஸ் வந்தவருக்கும் அப்படியே. இன்சென்டிவ் 11-இல் சொன்னபடி பிரிவுக்குப் பொதுவானால் இந்த மாற்றத்தில் அவர்கள் பணத்தை இழக்க மாட்டார்கள்.

16. "நான் சாதாரண சேல்ஸ்மேன். முதலாளி எதையும் கேக்க மாட்டார். நான் என்ன செய்ய?"

தனியாகப் போகாதீர்கள். ஒரே பிரிவில் நாலைந்து பேர் சேர்ந்து, செலவில்லாத ஒன்றை முதலில் கேளுங்கள்: கையெழுத்து நோட்டு, செருப்பு, ஓய்வு வேளையைப் பிரிப்பது. 'கஷ்டமா இருக்கு' என்பதைவிட 8-ஆம் பதிலைப்போல யார் எப்போது போவார், தளத்தில் எத்தனை பேர் இருப்பார் என்று தாளில் எழுதிக் கொடுத்தால் மேனேஜரால் மறுப்பது கடினம்.

உட்கார இடமே இல்லை, 10 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். வந்த நேரம், போன நேரம், ஓய்வு கிடைத்த நேரத்தை இரண்டு வாரம் தேதியோடு குறித்து வைத்துக்கொண்டு போங்கள்.

17. "இவ்வளவும் செஞ்சா பலன் கிடைச்சுதான்னு எப்படித் தெரியும்?"

மாற்றும் முன் நான்கு எண்களை எடுத்து வையுங்கள்: சேர்ந்த மூன்று மாதத்துக்குள் விட்டுப்போனவர்கள், சொல்லாமல் எடுத்த லீவு, இரவு 7 மணிக்குப் பிறகு நடந்த பில்லிங் தவறுகள், பொருள் மாற்ற வந்த புகார்கள். கூடவே மனித உருவம் வரைந்த ஒரு தாளைக் கொடுத்து, பெயர் எழுதாமல், டூட்டி முடியும்போது வலிக்கும் இடத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். புள்ளிகள் எங்கே குவிகின்றன என்பதே எதை முதலில் மாற்றுவது என்று சொல்லிவிடும். கால், குதிகால் என்றால் இருக்கையும் தரையும். தோள் என்றால் ரேக் உயரம். தலைவலி என்றால் விளக்கு, சத்தம், சாப்பாட்டு நேரம்.

ஒரே தளத்தில் தொடங்கி மூன்று மாதம் பாருங்கள், பிறகு அதே தாளை மறுபடி கொடுங்கள். முதல் தாளைச் சாதாரண மாதத்தில் எடுத்து இரண்டாவதைத் தீபாவளி முடிந்த வாரத்தில் எடுத்தால் எல்லாம் மோசமானதுபோலத் தெரியும். இரண்டையும் ஒரே மாதிரி கூட்டமுள்ள வாரங்களில் எடுங்கள். தாளை இன்சார்ஜ் கையால் வாங்காமல் ஒரு பெட்டியில் போடச் சொல்லுங்கள்.